பால் குடிக்கும் அந்த அரை மணி நேரம்

பிறக்கும் நூறு குழந்தைகளில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஆபரேஷன் தேவைப்படாது, ஆனால் சில குழந்தைகளுக்குப் பிறந்த சில நாளிலேயே செய்தாக வேண்டும். இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவை.

கேள்வி: என் மகனுக்கு இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் இரண்டும் இடம் மாறி இருந்ததால் ஒன்பதாம் நாளே ஆபரேஷன். இரண்டு நாள் நெஞ்சைத் தைக்காமல் திறந்தே வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. அழுதால் சத்தமே வரவில்லை, பால் குடித்தால் புரையேறுகிறது. அத்தை, "தொக்கம் விழுந்திருக்கும், எடுத்துடலாம்" என்கிறார். ஆபரேஷனில் ஏதாவது தப்பு நடந்துவிட்டதா?
(ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்)

பதில்: முதலில், தொக்கம் எடுக்கப் போக வேண்டாம் அம்மிணி. தொண்டையில் எதுவும் சிக்கியிருக்க வாய்ப்பு குறைவு. இந்த நேரத்தில் தொண்டைக்குள் விரல் விட்டாலோ ஊதினாலோ பால் நேராக நுரையீரலுக்குள் போய்விடும். வசம்பு, தேன், உரை மருந்து எதுவும் நாக்கில் தடவாதீர்கள். தேன் ஒரு வயதுவரை எந்தக் குழந்தைக்குமே கூடாது.

நான் வார்டில் இப்படிப் பல குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்து, முகம் சிவக்க, கை காலை உதைத்து அழும், ஆனால் வருவது வெறும் காற்று மட்டும், பக்கத்துக் கட்டிலுக்குக்கூடக் கேட்காது. குரல் நாணை அசைக்கும் நரம்பு ஒன்று கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, இடது பக்கம் பெரிய ரத்தக்குழாயின் அடியில் வளைந்து, மறுபடி மேலே ஏறித் தொண்டைக்குப் போகிறது. உங்கள் மகனுக்கு வேலை செய்த இடத்துக்கு ஒட்டினாற்போலத்தான் அந்த வளைவு இருக்கிறது. நூல் மாதிரி மெல்லிய நரம்பு, எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில சமயம் இழுபட்டுவிடுகிறது. அப்போது ஒரு பக்கக் குரல் நாண் அசையாது, சத்தம் கம்மிவிடும், பால் இறங்கும்போது மூச்சுக்குழாய் சரியாக மூடாததால் புரையேறும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் மெல்லிய குழாய் கேமராவை மூக்கு வழியாக விட்டுச் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் நாளைக்கே போங்கள். அதுவரை எப்படிப் பால் கொடுப்பது என்று உங்கள் இதய மருத்துவரிடம் இன்றைக்கே போனில் கேளுங்கள். சில குழந்தைகளுக்கு ஒருக்களித்துப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும், சிலருக்குக் கொஞ்ச நாள் மூக்குக் குழாய் வேண்டியிருக்கும். பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் குரல் திரும்பிவிடுகிறது. நரம்பு முழுதாகத் தேறாவிட்டாலும் பெரும்பாலும் இன்னொரு பக்கத்து நாண் பழகி ஈடுகட்டிவிடும்.

நெஞ்சைத் திறந்து வைத்ததைப் பற்றி. பச்சைக் குழந்தையின் இதயம் அதன் மூடிய கை அளவுதான் இருக்கும். ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் செய்யும் ஹார்ட்-லங் மெஷினிலிருந்து வெளியே வந்த இதயம் களைத்து, வீங்கி இருக்கும், முதல் ஒரு நாள் ரத்தத்தைத் தள்ளும் சக்தியும் குறையும். அந்த நேரத்தில் எலும்பை இழுத்துத் தைத்தால் இதயம் நசுங்கும். அதனால் வீக்கம் வடியும் வரை மேலே ஒரு உறை போட்டு மூடி வைக்கிறார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்த உங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது குழந்தையைக் காப்பாற்றச் செய்த காரியம்.

இனி நீங்கள் உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது பால் குடிக்கும் நேரத்தைத்தான். நமக்கு மாடிப்படி ஏறுவது எப்படியோ அப்படித்தான் இந்த வயதில் குழந்தைக்குப் பால் குடிப்பது, இதயம் களைத்தால் அங்கேதான் முதலில் தெரியும். அரை மணிக்கு மேல் இழுக்கிறதா, நெற்றியில் வியர்க்கிறதா, பாதியிலேயே தூங்கிவிடுகிறதா என்று பாருங்கள். தூங்கும்போது நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால் அன்றைக்கே காட்டுங்கள். இந்த ஆபரேஷனில் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குட்டிக் குழாய்களையும் இடம் மாற்றி வைக்கிறார்கள். அதனால் பால் குடிக்கும்போது திடீரென்று வெளுத்து, வியர்த்து, எதற்கும் அடங்காமல் அழுதால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: ஆபரேஷனுக்குப் பிறகு தாய்ப்பால் ஆரம்பித்ததும், நெஞ்சில் நீர் வடிய வைத்திருந்த குழாயில் பால் மாதிரி வெள்ளையாக வந்தது. இப்போது ஏதோ பவுடர் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள். குடித்த பால் நெஞ்சுக்குள் போய்விட்டதா? இனி தாய்ப்பாலே கூடாதா?
(ஒரு தந்தை, திருப்பூர்)

பதில்: இல்லைங்க, குடித்த பால் அப்படியே அங்கே போகவில்லை. குடலில் சேரும் கொழுப்பை ரத்தத்துக்குக் கொண்டுபோகும் நிணநீர்க் குழாய் ஒன்று நெஞ்சு வழியாக ஏறுகிறது. ஆபரேஷனில் அதிலோ அதன் கிளைகளிலோ கசிவு வந்தால், அதுவரை சிவப்பாக வந்த குழாய் பால் ஆரம்பித்ததும் வெளுத்துவிடும். அந்தப் பவுடரில் உள்ள கொழுப்பு வேறு வகை, நிணநீர் வழியாகப் போகாமல் நேராக ரத்தத்தில் சேர்ந்துவிடும், அதனால் கசிந்த இடம் ஆற நேரம் கிடைக்கும். பெரும்பாலும் சில வாரம்தான். அதுவரை உங்கள் வீட்டம்மா பாலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கட்டும். தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள், வற்ற விட்டுவிட்டால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். மறுபடி மூச்சு வாங்கினாலோ விலா குழிந்தாலோ நீர் சேர்ந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பேத்திக்கு நீலம் பாரித்ததால் ஷன்ட் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டலாமா? குலதெய்வம் கோயிலில் மொட்டை போட வேண்டும்.
(ஒரு அம்மாயி, தாராபுரம்)

பதில்: அம்மா, எண்ணெய் தேய்ப்பது இருக்கட்டும், முதலில் தூக்கும் விதத்தை மாற்றுங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் தைத்த நெஞ்செலும்பு இழுபடும், அது ஒன்றுசேர ஆறு வாரமாவது ஆகும். ஒரு கை தலைக்கு, ஒரு கை பிட்டத்துக்குக் கொடுத்து அள்ளி எடுங்கள். காயம் காய்ந்து மருத்துவர் சரி என்றதும் வெந்நீர் ஊற்றலாம். கை காலில் லேசாக எண்ணெய் தடவலாம், ஆனால் நெஞ்சைப் பிடித்துவிடக் கூடாது, மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, காயத்தில் மஞ்சளோ திருநீறோ வேண்டாம்.

ஷன்ட் என்பது நுரையீரலுக்கு ரத்தம் போக வைத்த ஒரு சின்னக் குழாய், 3 முதல் 4 மி.மீ. அகலம்தான். இந்த வகை ஆபரேஷனை 1944-ல் அமெரிக்காவில் பால்டிமோரில் முதன்முதலில் செய்தார்கள், அப்போது குழாய் வைக்காமல் கைக்குப் போகும் ரத்தக்குழாயையே திருப்பி இணைத்தார்கள். இந்தக் குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் ஆஸ்பிரின் தருகிறார்கள், ஒரு வேளைகூடத் தவற விடாதீர்கள். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் உடம்பில் நீர் வற்றி ரத்தம் கெட்டியாகும், குழாய் அடைத்துக்கொள்ளும். மற்றக் குழந்தைகளுக்கு ஒரு நாள் பார்க்கலாம் என்று விடுவோம், இவளுக்கு அது கூடாது, அப்போதே ஆஸ்பத்திரி. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியில் ஆக்சிஜன் 75 முதல் 85 வரை காட்டினால் இந்தக் குழந்தைகளுக்குப் பொதுவாக அதுதான் சரியான அளவு, பயப்படாதீர்கள். திடீரென்று நீலம் கூடித் துவண்டால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மொட்டையைத் தள்ளிப்போடுங்கள். ஆஸ்பிரின் குடிக்கும் குழந்தைக்குக் கத்தி பட்டால் ரத்தம் நிற்க நேரமாகும், கோயில் கூட்டத்தில் சளி காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த ஆபரேஷன் முடிந்து மருத்துவர் சொன்ன பிறகு, பேத்தி உங்கள் மடியிலேயே உட்காரும் வயதில் போட்டுக்கொள்ளலாம். அதுவரை குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் மஞ்சள் துணியில் முடிந்து வையுங்கள்.