ஏனங்கள் ஆடிய காலை

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். 2000 டிசம்பரில் எனக்கு எட்டு வயது. கடையத்தில் ஆச்சி வீட்டில் இருந்தேன். ஒரு நாள் காலை ஆச்சி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது சன்னல் கொக்கி கிணுகிணுவென்றது. "லாரி போகுது" என்றாள். கொஞ்சம் கழித்துப் பரண்மேல் இருந்த ஏனங்கள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. வாக்கப்பட்ட ஊரில் இதைச் சொன்னால், குவாரியில் வெடி வைத்திருப்பான் என்று சிரிக்கிறார்கள். ஆச்சியும் இப்போது இல்லை. நான் உணர்ந்தது நிஜம்தானா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

நிஜம்தான். அது நிலநடுக்கம். அன்று டிசம்பர் 12, செவ்வாய்க்கிழமை. மணி ஏழாகச் சில நிமிடம் இருந்தது. நான் அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் தார்சாவில் பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சு என்னோடு சேர்ந்து அசைந்தது. தம்ளரில் காப்பி வட்டம் வட்டமாக நடுங்கியது. பட்டாசலில் மாட்டியிருந்த தாத்தா படம் சுவரைத் தட்டியது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அவ்வளவு பயந்து அவளை நான் பார்த்ததே இல்லை. ஆட்டம் நின்ற பிறகுதான் தெருவில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஈராற்றுப்பேட்டை அருகில் மையம். ரிக்டர் அளவில் 5. கடையத்திலிருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். குவாரி வெடி என்றால் ஒரு 'டம்', இரண்டு நொடியில் அடங்கிவிடும், பக்கத்து ஊரோடு சரி. கேரளத்திலும் நம் பக்கத்திலும் ஒரே நேரத்தில் ஆட்டுகிற வெடி எந்தக் குவாரியிலும் கிடையாது.

உங்கள் கடிதத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. நிலம் அதிர்ந்தால் இரண்டு விதமான அலைகள் கிளம்பும். வேகமாக வருவது லேசானது, அது கொக்கியைக் கிணுகிணுக்க வைக்கும். பின்னால் வருவதுதான் ஏனங்களை இடிக்க வைப்பது. இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி என்றால் மையம் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று கணக்கு. கடையத்துக்கு 14 நொடி போல வரும். ஆச்சி லாரி என்று நினைத்தது அந்த முதல் அலையைத்தான்.

2012 ஏப்ரல் 11 மதியம் நான் உணர்ந்தது வேறு மாதிரி. பாளையங்கோட்டையில் மூன்றாவது மாடியில் இருந்தேன். சத்தமே இல்லை. கட்டிடம் தொட்டில் மாதிரி மெதுவாகச் சாய்ந்து நிமிர்ந்தது, எனக்குத் தலைசுற்றல் என்றே நினைத்தேன். கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சுமத்ரா அருகே கடலுக்கடியில் 8.6, இங்கிருந்து 1,800 கிலோமீட்டர் அளவில். தூரத்து அலை மாடியில் இருப்பவனைத்தான் தேடி வரும்.

உங்களை நம்பாதவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. 2001 ஜனவரி 7-ல் அதே பகுதியில் மறுபடியும் ஒரு அதிர்வு, 4.8. அப்புறம் 26-ம் தேதி குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம். அத்தனை ஆயிரம் சாவுக்குப் பிறகு நம் பரண் ஏனங்களைப் பற்றிப் பேச யாருக்கு மனசு வரும்? அப்படியே விட்டுப்போயிற்று. ஆனால் உங்களைப் போல ஒருவர் நினைவில் வைத்திருப்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இனி ஒருமுறை ஆடினால் முதலில் பத்திரமான இடத்தில் இருங்கள். நின்றதும் மணியைக் குறித்துவையுங்கள். தேசிய நில அதிர்வு மையத்தின் பூகம்ப் (BhooKamp) செயலியில், உணர்ந்ததை நாமே பதியலாம்.

ஆச்சி "லாரி போகுது" என்று சொன்னதற்கும் ஏனங்கள் இடித்ததற்கும் நடுவே பின்னலில் எத்தனை மடிப்பு போட்டிருப்பாள்? நினைவிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி