டைப்பிங் கடைக் கணினியும் ஓயாத இண்டெக்ஸரும்: நிறுத்துவதா, அடக்குவதா?

கேள்வி: குடியாத்தத்தில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அருகே டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். பல ஆண்டுப் பத்திர நகல்கள் டி டிரைவில் இருக்கின்றன: பாமினி எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்புகளும், ஸ்கேன் செய்த பிடிஎஃப்களும். சர்வீஸுக்கு வந்தவர் தேடல் வேகமாகும் என்று சொல்லி எதையோ மாற்றிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வேர்டு திறப்பதற்குள் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். டாஸ்க் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்ச் இண்டெக்ஸர்' 900 எம்பி வரை எடுக்கிறது. 'எண்ட் டாஸ்க்' கொடுத்தாலும் சற்று நேரத்தில் மறுபடி வந்து நிற்கிறது. அதை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தலாம், கணினிக்குக் கெடுதல் எதுவும் வராது. ஆனால் அதற்கு முன் அந்த இண்டெக்ஸர் எதைப் படித்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். உங்களிடம் உள்ள கோப்புகளில் பெரும்பகுதி அதனால் படிக்கவே முடியாதவை. படிக்க முடியாததைப் படிக்க முயல்வதில்தான் உங்கள் ரேமும் டிஸ்க்கும் கரைகின்றன.

பத்திரத் தொழிலில் இருப்பவருக்கு இதை விளக்குவது எளிது. வில்லங்கச் சான்று கேட்டால் பதிவு அலுவலகத்தில் எல்லாப் பத்திரங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டுவதில்லை. எழுதிக்கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களுக்கு ஒரு அட்டவணை, சொத்து விவரத்துக்கு இன்னொரு அட்டவணை என்று இருப்பதில்தான் பார்க்கிறார்கள். விண்டோஸும் அதையே செய்கிறது. நீங்கள் தேடுவதற்கு முன்பே ஒவ்வொரு கோப்பையும் திறந்து, பெயர், தேதி, உள்ளே இருக்கும் சொற்கள் என எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் எழுதி வைக்கிறது. அந்த எழுத்தர்தான் இண்டெக்ஸர். முதல் முறை எழுதும்போதுதான் வேலை அதிகம். முடிந்துவிட்டால், புதிதாக வந்ததையும் மாறியதையும் மட்டும் பார்த்துக்கொண்டு ஒதுங்கிவிடும். அப்போது அது எடுக்கும் நினைவகம் பெரும்பாலும் கண்ணில் படாத அளவுக்குக் குறைவு.

உங்கள் கடையில் அந்த முதல் சுற்று முடியவே இல்லை என்பதுதான் என் கணிப்பு. இயல்பான அமைப்பில் விண்டோஸ் டி டிரைவைத் தொடாது. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற உங்கள் பயனர் கோப்புறைகளையும் ஸ்டார்ட் மெனுவையும் மட்டும் அட்டவணையிடும். 2019 மே மாத விண்டோஸ் 10 பதிப்பில் 'என்ஹான்ஸ்டு' என்று ஒரு வசதி வந்தது. அதை இயக்கினால் கணினி முழுவதையும் வாரிக்கொள்ளும். வந்தவர் அதைத்தான் தட்டிவிட்டிருப்பார். 'செட்டிங்ஸ்' திறந்து, 'சர்ச்' பகுதியில் 'சர்ச்சிங் விண்டோஸ்' என்பதற்குப் போங்கள். அங்கே 'கிளாசிக்', 'என்ஹான்ஸ்டு' என்று இரண்டு இருக்கும். 'கிளாசிக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாதி நோய் இங்கேயே தீர்ந்துவிடலாம்.

மீதிப் பாதிக்குத்தான் பாமினி. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். கோப்புக்குள் பதிவாவதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள். இண்டெக்ஸருக்கு எழுத்துரு தெரியாது, அந்தக் குறிகள்தான் தெரியும். அரைப்புள்ளி வந்த இடத்தில் சொல் முடிந்துவிட்டது என்று எண்ணி, ஒரு கிரையப் பத்திரத்தை அர்த்தமில்லாத ஆயிரம் துண்டுகளாக அட்டவணையில் ஏற்றும். நாளைக்கு நீங்கள் யூனிகோடு தமிழில் (தமிழ் எழுத்து தமிழ்க் குறியாகவே பதிவாகும் பொது முறை) 'பேரணாம்பட்டு' என்று தேடினால் அந்தத் துண்டுகளில் ஒன்றுகூடப் பொருந்தாது. வானவில் போன்ற மற்றப் பழைய எழுத்துருக்களில் அடித்தவையும் இதே கதிதான். தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடுக்கு மாறச் சொல்லி ஆணையிட்டுவிட்டது. பத்திர எழுத்தில் பாமினிக்கு இன்னும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் அதற்கும் ஒரு படி மேல். உள்ளே இருப்பது படம், எழுத்து கிடையாது. இண்டெக்ஸர் பெரிய கோப்பைத் திறந்து, பக்கம் பக்கமாகப் பார்த்து, வெறுங்கையோடு திரும்பும். அது திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் ஆண்டிவைரஸும் கூடவே சோதிக்கும் என்பதால் டிஸ்க்குக்கு இரட்டை வேலை. பாதியில் கெட்டுப்போன ஒரு பிடிஎஃப் சிக்கினால் அதிலேயே முட்டிக்கொண்டு நினைவகத்தை ஏற்றிக்கொண்டே போவதும் உண்டு. 900 எம்பி என்ற கணக்கு எனக்கு அப்படி ஒன்றைத்தான் நினைவூட்டுகிறது.

ஆகவே அதை உள்ளடக்கத்தைப் படிக்க விடாதீர்கள், பெயரை மட்டும் எழுதச் சொல்லுங்கள். கன்ட்ரோல் பேனலில் 'இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ்' திறங்கள். மேலே எத்தனை கோப்புகள் அட்டவணையில் ஏறியுள்ளன என்ற எண் இருக்கும். 4 லட்சத்தைத் தாண்டினால் வேகம் குறையத் தொடங்கலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது, ஆகவே அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'மாடிஃபை' அழுத்தினால் எந்தெந்த இடங்கள் என்ற பட்டியல் வரும். அதில் பத்திரங்கள் உள்ள கோப்புறையை மட்டும் வைத்துக்கொண்டு டி டிரைவில் மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். கல்யாண வீடியோவும் பழைய பேக்கப்பும் அட்டவணையில் இருந்து என்ன பயன்? அடுத்து 'அட்வான்ஸ்டு', அதற்குள் 'ஃபைல் டைப்ஸ்'. பிடிஎஃப், டாக், ஆர்டிஎஃப் ஆகிய மூன்றுக்கும் 'இண்டெக்ஸ் ப்ராபர்ட்டீஸ் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது யூனிகோடில் அடித்து டாக்எக்ஸ் வகையாகச் சேமிக்கிறீர்கள் என்றால் அதை மட்டும் உள்ளடக்கத்தோடு விட்டுவைக்கலாம். அவற்றில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்கும்.

கடைசியாக அதே 'அட்வான்ஸ்டு' பெட்டியில் 'இண்டெக்ஸ் செட்டிங்ஸ்' பகுதிக்குப் போய் 'ரீபில்ட்' கொடுங்கள். பழைய குப்பை அழிந்து அட்டவணை புதிதாக எழுதப்படும். இதைக் காலை பத்து மணிக்குச் செய்துவிட்டு எனக்கு மறுபடி எழுதாதீர்கள். நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது இண்டெக்ஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி சும்மா இருக்கும்போதுதான் முழு வேகத்தில் ஓடும். பகலெல்லாம் வேலை வாங்கி, இரவில் கடையை மூடும்போது மெயினையும் அணைத்துவிட்டால் அதற்கு நேரமே கிடைக்காது. சனிக்கிழமை இரவு ரீபில்ட் கொடுத்து, ஸ்லீப் நேரத்தை 'நெவர்' என்று வைத்து, மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போங்கள். யுபிஎஸ் இருப்பது அவசியம். எழுதும் நடுவில் மின்சாரம் போய் அட்டவணை கெட்டால் திரும்ப முதலிலிருந்து தொடங்கும். ஷட் டவுன் செய்யாமல் சுவிட்சை அணைக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும்.

பெயரை மட்டும் தேடினால் போதுமா என்று கேட்பீர்கள். பெயரை ஒழுங்காக வைத்தால் போதும். 'நியூ 1', 'சார் பத்திரம் ஃபைனல்' என்று பெயர் வைத்த கோப்பை எந்த இண்டெக்ஸராலும் கண்டுபிடித்துத் தர முடியாது. ஆண்டு, வட்டம், கிராமம், பத்திர வகை, சர்வே எண், எழுதிக்கொடுத்தவர் பெயர் என்று ஒரே வரிசையில், யூனிகோடில், இன்று முதல் வையுங்கள். மாவட்டம் வேண்டாம்: வட ஆற்காடு வேலூராகி, அதுவும் 2019-இல் மூன்றாகப் பிரிந்தது. வட்டங்களும் புதிதாக உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன என்றாலும் கிராமமும் சர்வே எண்ணும் உங்களைப் பெரும்பாலும் கைவிடாது.

இவ்வளவும் செய்த பிறகும் மெஷின் திணறினால், அப்போது நிறுத்திவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தட்டித் திறந்து, 'விண்டோஸ் சர்ச்' என்பதில் 'ஸ்டார்ட்அப் டைப்' இடத்தில் 'டிசேபிள்டு' வைத்து 'ஸ்டாப்' அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் கொன்றது உயிர்த்தெழுந்ததற்குக் காரணம், இந்தச் சேவை நின்றாலும் தானாக மறுபடி தொடங்கும்படி அமைக்கப்பட்டிருப்பதுதான். நிறுத்திய பின்னும் தேடல் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு கோப்புறையாகப் புரட்டி மெதுவாகத் தேடும். அவுட்லுக்கில் மின்னஞ்சல் பார்ப்பவர்களுக்கு அங்கும் தேடல் தடுமாறும். கோப்புத் தேடல் மெதுவாகும் குறைக்கு 'எவ்ரிதிங்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கோப்பின் உள்ளே போகாமல் பெயர்களை மட்டும் டிஸ்க்கின் சொந்தப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். உங்கள் மாதிரிக் கடைக்கு விண்டோஸ் தேடலைவிட அதுவே பொருத்தம் என்பது என் சொந்தக் கருத்து.

டாஸ்க் மேனேஜரில் நீங்கள் பார்க்காத ஒன்றையும் பாருங்கள்: 'டிஸ்க்' என்ற பத்தி. அது நெடுநேரம் 100 சதவீதத்தில் நின்றால், குற்றவாளி ரேமைவிட ஹார்டு டிஸ்க்தான். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி வாங்குங்கள், ரேமை 8 ஜிபி ஆக்குவதைப் பிறகு பார்க்கலாம். வேலூர்ப் பக்கத்துக் கத்திரி வெயிலில் தூசி அடைத்த ஃபேனோடு ஓடும் பிராசஸர், சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், கேபினட்டைத் திறந்த கையோடு தூசியையும் தட்டச் சொல்லுங்கள். டிஸ்க்கைக் கழற்றக் கொடுப்பதற்கு முந்தைய நாளே பத்திரக் கோப்புறையின் நகல் ஒன்று வெளி டிஸ்க்கில் ஏறி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும்.