கையெழுத்திட மறுத்தவர்

அன்புள்ள ஐயா,

நிறுவனச் சூழ்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு ஒரு குற்றப் புதினம் எழுதி வருகிறேன். படித்த நண்பர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தயங்குகிறார்கள். “அமைச்சர்களையே கைக்குள் வைத்திருக்கும் தொழிலதிபர், கணக்குப் பார்க்க வந்தவரை ஏன் கொல்ல வேண்டும்? பணத்தாலேயே முடித்திருப்பாரே” என்கிறார்கள். கொலையை நீக்கிவிடலாமா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

நீக்காதீர்கள். கொலைக்கு முன்னால் வர வேண்டிய பக்கங்கள்தான் உங்கள் கதையில் விடுபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் நண்பர்களின் கேள்விக்கு இத்தாலியில், மிலான் நகரில் 1979இல் நடந்த ஒரு கொலையே பதில் சொல்கிறது.

மிக்கேலே சிந்தோனா சிசிலியில் பிறந்து மிலானில் தொழிலில் உயர்ந்த வங்கியாளர். வத்திக்கான் வங்கியோடு தொழில் உறவு கொண்டிருந்தவர். 1974இல் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் அவருடைய வங்கிகள் சரிந்தன. இத்தாலிய வங்கியைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கும் பொறுப்பு ஜார்ஜியோ அம்புரோசோலி என்ற நாற்பது வயது வழக்கறிஞரிடம் வந்தது. பேரேட்டில் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது: வெளிநாட்டு வங்கி ஒன்றில் இவ்வளவு வைப்புத்தொகை என்று எழுதியிருந்தது. ஆனால் அந்தத் தொகையைச் சிந்தோனாவின் நிறுவனங்களுக்கே திருப்பிவிட வேண்டும், அது திரும்பாவிட்டால் நஷ்டம் வைப்பு வைத்த வங்கியையே சேரும் என்று சொல்லும் இரகசிய ஒப்பந்தம் ஒன்று அதன் பின்னால் இருந்தது. அதாவது, வங்கியில் பணம் போட்டவர்களின் காசிலேயே அவர் தம் சாம்ராஜ்யத்தைக் கட்டியிருந்தார். இந்த ஒரு பதிவைப் புரிந்துகொள்ள வாசகருக்கு அரைப்பக்கம் போதும். அந்த அரைப்பக்கத்தை எழுதத் தயங்காதீர்கள், ஏனென்றால் கொலைக்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

சிந்தோனா உடனே ஆளை அனுப்பிவிடவில்லை. நஷ்டத்தைப் பொதுப்பணத்தின் தலையில் கட்டும் மீட்புத் திட்டம் ஒன்றைத் தயாரித்து, அரசியல் செல்வாக்கு முழுவதையும் அதன் பின்னால் நிறுத்தினார். அதற்கு அம்புரோசோலியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அவர் தர மறுத்தார். அவருக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. நயமாகப் பேசிவந்த குரல் 1979 ஜனவரியில் வெளிப்படையாகவே சாவைச் சொல்லி மிரட்டியது. மார்ச்சில், அதே திட்டத்தை எதிர்த்துவந்த இத்தாலிய மைய வங்கியின் ஆளுநர் பாஃபியின் மீது குற்றச்சாட்டு எழுந்தது; அவ்வங்கியின் உயர் அதிகாரி சார்ச்சினெல்லி கைதுசெய்யப்பட்டார். இருவரும் பின்னர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டார்கள். ஆகவே பணத்தாலும் பதவியாலும் முடிக்கத்தான் ஐந்தாண்டுகள் முயன்றார்கள். எதற்கும் மசியாத ஒருவர் குறுக்கே நின்றபோதுதான் துப்பாக்கி வந்தது.

அம்புரோசோலி இதை அறியாதவர் அல்லர். இந்தப் பொறுப்புக்கு மிக அதிக விலை கொடுக்க நேரும் என்றும், நாட்டுக்கு ஏதேனும் செய்யக் கிடைத்த அரிய வாய்ப்பு என்பதால் அதில் வருத்தமில்லை என்றும் 1975இலேயே மனைவிக்குக் கடிதம் எழுதிவைத்திருந்தார். மூன்று பிள்ளைகளின் தந்தை எழுதிய கடிதம் அது. எத்தனை முறை நினைத்தாலும் என்னால் அதை எளிதாகக் கடந்துவர முடியவில்லை.

1979 ஜூலை 11 இரவு, நண்பர்களோடு தொலைக்காட்சியில் குத்துச்சண்டை பார்த்துவிட்டு, அவர்களைக் காரில் கொண்டுபோய் விட்டுத் திரும்பியவரை வீட்டு வாசலில் ஒருவன் எதிர்கொண்டான். அம்புரோசோலிதானா என்று கேட்டான். ஆம் என்றதும், “மன்னியுங்கள்” என்று சொல்லிவிட்டுச் சுட்டான். அவன் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட கூலிக் கொலையாளி. அமெரிக்க விசாரணைக்காக அம்புரோசோலி அளித்திருந்த சாட்சியத்தில் அவர் மறுநாள் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒரு கையெழுத்தைத் தர மறுத்தவர், இன்னொரு கையெழுத்தைப் போடவிருந்த நேரத்தில் கொல்லப்பட்டார்.

இக்கொலையை ஏவியதற்காக 1986இல் ஆயுள் தண்டனை பெற்ற சிந்தோனா, சில நாட்களிலேயே சிறையில் சயனைடு கலந்த காப்பியைக் குடித்து இறந்தார்.

உங்கள் கதையின் கணக்காய்வாளர் எந்தத் தாளில் கையெழுத்திட மறுக்கிறார், எந்தத் தாளில் எந்தத் தேதிக்குள் கையெழுத்திட இருக்கிறார்? இவ்விரண்டையும் முடிவுசெய்துவிட்டு அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதி எனக்கு அனுப்புங்கள். கட்டாயம் படிக்கிறேன்.