வெளியிலிருந்து வரும் அமைப்புகளால் கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் உண்மையிலேயே போய்ச் சேருகிறதா?

சேரும், ஊருக்குள்ளேயே அதைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால். இல்லையென்றால் ஃப்ளெக்ஸ் பேனரோடு சரி. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் அவ்வப்போது ஓடியாடுகிறவன். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கசப்பானது. ஒரு கம்பெனி எங்கள் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு ரோபோ செய்யும் பெட்டிகள் ஐந்து கொடுத்தது. ரிப்பன், போட்டோ, கேசரி எல்லாம் ஆயிற்று. ஆறு மாதம் கழித்துப் போனால், பெட்டிகள் பீரோவுக்குள் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. தலைமையாசிரியரைச் சொல்லி என்ன? இருப்புப் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது. ஒரு மோட்டார் தொலைந்தாலும் ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இனி 2019 டிசம்பர் 26. வளைய சூரிய கிரகணம், எங்கள் மாவட்டம் அதன் பாதையிலேயே இருந்தது. கிரகணத்தன்று பிள்ளையை வாசலுக்கு விடுகிற வீடு எங்கள் பக்கம் குறைவு. முந்தின நாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். "பார்ப்போம் தம்பி" என்றார்கள். விடமாட்டோம் என்பதற்கு மரியாதையான சொல் அது.

காரியத்தை முடித்துக் கொடுத்தது ஒரு அக்கா. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது தெருவிளக்குக்குக் கீழே எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். இன்றைக்குப் பேரப்பிள்ளை எடுத்துவிட்ட பல பெண்களைக் கையெழுத்துப் போட வைத்தது அவர்தான், சைக்கிள் பழக்கியதும் அவர்தான். "நான் நிக்கிறேன்ல, அனுப்பு ஆத்தா." அதற்கு மேல் பேசவில்லை. காலை எட்டரைக்குப் பள்ளி மைதானத்தில் அறுபது பேர்.

சூரியக் கண்ணாடி பத்துதான் இருந்தது. அதனால் உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றில் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் விரல் நகம் அளவுக்கு ஓட்டை விட்டு, களிமண் உருண்டையில் செருகி வெயிலில் வைத்தோம். ஜன்னல் சாத்திய வகுப்பறைச் சுவரில் சூரியன் வந்து விழுந்தது. 11 மீட்டர் தள்ளி விழுந்தால் பிம்பம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் இருக்கும். அளந்து, பிம்பத்தின் அளவைச் சுவர் வரையிலான தூரத்தால் வகுத்து, பூமியிலிருந்து சூரியன் 15 கோடி கிலோமீட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்ததில், குறுக்களவு பதின்மூன்றரை லட்சம் கிலோமீட்டர் சொச்சம் வந்தது. புத்தகத்தில் இருப்பது சுமார் 14 லட்சம். "டேப்பை இழுத்துப் பிடிக்கலண்ணா, அதான்" என்றாள் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவளுக்கு விடை தப்பியதில் அவ்வளவு வருத்தம். எனக்கோ பிழை எங்கே என்று தேடுகிறாளே என்று சந்தோஷம்.

ஒன்பதரை வாக்கில் சுவரில் வளையல் தெரிந்தது. வெளியே வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் குட்டிக் குட்டி வளையமாக இருந்ததை ஒரு பாட்டிதான் முதலில் காட்டினார். கிரகணம் விடுவதற்குள் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று அக்கா அவித்துக் கொண்டுவந்த கடலையை, அந்தப் பாட்டி மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு பிறகு தின்றார். யாரும் வற்புறுத்தவில்லை.

அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றமும் 6 முதல் 8-ம் வகுப்பு வரை பள்ளிதோறும் ஆள் அனுப்பிச் சோதனை செய்து காட்டுகிற ஏற்பாடுதான். நல்லது. ஆனால் வந்தவர் கிளம்பிய பிறகு, மறுநாள் அதே சோதனையைச் செய்ய யார் இருக்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

2022 அக்டோபர் 25, தீபாவளிக்கு மறுநாள், சூரியன் மறையும் நேரத்தில் ஒரு பகுதி கிரகணம். அந்த ஊருக்கு நாங்கள் யாரும் போகவில்லை. ராத்திரி அந்தப் பெண் போன் பண்ணினாள். பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். "மேகம்ண்ணா, ஒண்ணுமே தெரியல. சின்னப் பிள்ளைங்க இருபது பேரு வந்திருந்தாங்க. கண்ணாடி ஒட்டுனது வேஸ்டா போச்சு. அடுத்தது எப்பண்ணா?"