ஓட்டுப் போடாதவர் அரசியலைக் குறை சொல்லலாமா? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஓட்டுப் போடாதவனுக்கு அரசைத் திட்ட உரிமையே இல்லை என்கிறார்களே, சரியா?

பதில்: இல்லை. சோப்பு வாங்கினால்கூட வரி கட்டுகிறான், போடுகிற சட்டம் அவனையும்தான் கட்டுப்படுத்துகிறது. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் கருத்துச் சொல்லும் உரிமை 19ஆவது பிரிவு, ஆட்சியில் பங்கேற்கும் உரிமை 21ஆவது பிரிவு. ஒன்றைச் செய்தால்தான் மற்றது கிடைக்கும் என்று அதில் எங்கும் இல்லை.

கேள்வி: யாரையும் பிடிக்கவில்லை, அதனால் போகவில்லை. அதுவும் எதிர்ப்புதானே?

பதில்: உங்கள் மனதுக்குள் எதிர்ப்பு, சரி. வெளியே யாருக்குத் தெரியும்? வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே குறி இருக்காது, அவ்வளவுதான். காய்ச்சலில் படுத்தவர், சோம்பலில் தூங்கியவர், செத்தும் பட்டியலில் இருப்பவர் என்று எல்லாருக்கும் அந்த இடம் ஒரே மாதிரி காலியாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து எந்தக் கட்சி உங்கள் கோபத்தைப் புரிந்துகொள்ளப் போகிறது? இந்தியாவில் 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த, ‘யாருக்கும் என் ஓட்டு இல்லை’ என்று சொல்லும் நோட்டா பொத்தானில் விழுந்ததையாவது தனியாக எண்ணிச் சொல்கிறார்கள். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் நோட்டா எத்தனை வாங்கினாலும் வேட்பாளர்களில் முதலில் வந்தவர்தான் ஜெயித்தவர், அதையும் தெரிந்துகொண்டே அழுத்துங்கள்.

கேள்வி: பேசாமல் கட்டாயமாக்கிவிட்டால்?

பதில்: ஆஸ்திரேலியா 1924இல் சட்டமே போட்டது. 1922 தேர்தலில் 60 சதவீதத்தைக்கூடத் தொடாத வாக்குப்பதிவு 1925இல் 91ஐத் தாண்டியது. தகுந்த காரணம் இல்லாமல் போகாவிட்டால் நாடாளுமன்றத் தேர்தலுக்கு 20 டாலர் அபராதம். ஆனால் சீட்டை வாங்கி ஒன்றும் எழுதாமல் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் யாருக்கும் தெரியாது, ரகசிய ஓட்டுதானே. அரசியல்வாதியைத் திட்டுவது அங்கே குறைந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை.

கேள்வி: என் ஒரு ஓட்டால் என்ன மாறிவிடும்?

பதில்: பெரிய தேர்தலில் அநேகமாக ஒன்றும் மாறாது, கணக்கு உங்கள் பக்கம்தான். ஆனால் ஒரு வயதினரோ ஒரு பகுதியோ மொத்தமாகப் போகாவிட்டால் கதை வேறு. தங்களுக்கு ஓட்டு வராத இடத்தில் கட்சிக்காரர்கள் நேரத்தையும் பணத்தையும் செலவழிக்க மாட்டார்கள். குறை சொல்லும் உரிமை அப்படியேதான் இருக்கும், காது கொடுத்துக் கேட்க ஆள்தான் இருக்காது.

கேள்வி: ஓட்டே போடாத நண்பர் தினமும் அரசியலைப் பற்றிப் புலம்புகிறார். என்ன செய்வது?

பதில்: புலம்பட்டும். சொல்வது உண்மையா என்று மட்டும் பாருங்கள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்பவரிடம் ‘நீ ஓட்டுப் போட்டாயா’ என்பது பதிலே இல்லை, பதவியில் இருப்பவர் தப்பிக்க நாமே சாக்கு எடுத்துக் கொடுப்பதுதான். ஆனால் ‘இந்த ஆளை எவன் ஜெயிக்க வைத்தான்’ என்று ஆரம்பித்தால் விடாதீர்கள், அன்றைக்கு எங்கே இருந்தீர் என்று கேட்டுவிடுங்கள்.