“மக்கும்” எண்டு அச்சடிச்ச லஞ்ச் சீட்டை நம்பி வாங்கலாமா?

கேள்வி: அக்கா, நான் களுவாஞ்சிக்குடி. வீட்டுல சமைச்சு ஒரு நாளைக்கு 30, 40 சோத்துப் பார்சல் குடுக்கிறன். கடைக்காரர் “பயோடிகிரேடபிள்” எண்டு பச்சை இலைப் படம் போட்ட, சோறு சுத்திற லஞ்ச் சீட்டைத் தந்தார், விலையும் கூட. பார்ப்பமெண்டு ரெண்டு சீட்டை ஐப்பசியில வாழைக்குக் கீழ புதைச்சு வச்சன். மாரி முழுக்க மழை பேஞ்சு முடிஞ்சு தை கடைசியில கிண்டினா சீட் அப்பிடியே கிடக்கு, ஓரம் மட்டும் பிஞ்சு சின்னச் சின்னத் துண்டா கையில வருது. என்னைய ஏமாத்திட்டாங்களா? அதோட கடையில இப்ப பேக்குக்கும் காசு எடுக்கிறதால துணிப்பை ஒரு கட்டு வாங்கி வச்சிருக்கன், அதாவது சரிதானே?

பதில்: தங்கச்சி, நீங்க புதைச்சுப் பார்த்தீங்களே, அந்த வேலைய ஆரும் செய்யிறல்ல. பக்கெட் உறையில இருக்கிறத வாசிச்சிட்டு நம்பிப் போறதுதான் நம்மட பழக்கம்.

“பயோடிகிரேடபிள்” எண்ட சொல்லு மட்டும் இருந்தா அதுல ஒண்டும் இல்ல. எத்தின நாளையில மக்கும், எங்க போட்டா மக்கும் எண்டு சொல்லாம விட்டா அது வெறும் விளம்பரம். இதுல ரெண்டு சாதி இருக்கு. ஒண்டு ஒக்ஸோ வகை, அது சாதாரண பொலித்தீன்தான், உள்ளுக்க கோபால்ட், மங்கனீசு மாதிரி உலோக உப்பு கொஞ்சம் சேர்த்திருப்பாங்க, வெயிலும் சூடும் பட்டா கெதியா உடையும். உடையிறது வேற, மக்கிறது வேற. துண்டு துண்டாகி மண்ணுக்குள்ளயும் வாவிக்குள்ளயும் மைக்ரோ பிளாஸ்டிக்கா கிடக்கும், பிறகு அதைப் பொறுக்கவும் ஏலாது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகைய 2021 ஜூலை 3ல இருந்து விக்க விடாம நிப்பாட்டிட்டு. உங்கட கையில பிஞ்சு வந்தது இதுவாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன்.

மற்றது கம்போஸ்டபிள், சோள மாப்பொருள் மாதிரி சாமான்ல செய்யிறது. இது உண்மையில மக்கும், ஆனா ஏறக்குறைய 58 பாகை சூடு இருக்கிற குப்பைய உரமாக்கிற பெரிய கொம்போஸ்ட் ஆலையில வச்சு. நம்மட வாழைப் பாத்தியில அந்தச் சூடு எங்க வரப்போகுது? அதால இதையும் வீட்டுல புதைக்க வாங்காதீங்க. வாங்கத்தான் வேணுமெண்டா பக்கெட்டுல ஐ.எஸ்.ஓ. 17088 இல்லாட்டி ஈ.என். 13432 எண்டு தர இலக்கம் இருக்கா எண்டு பாருங்க, வெறும் இலைப் படம் மட்டுமெண்டா வச்சிட்டு வாங்க.

இலங்கையில பொலித்தீன் லஞ்ச் சீட் செய்யிறதும் விக்கிறதும் 2017 செப்டம்பர் 1ல இருந்தே தடை, வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்கான ரெஜிபோம் பெட்டியும் அப்பிடித்தான். பிளாஸ்டிக் எரிக்கிறதையும் அதே நேரம் தடை செஞ்சாங்க, அதால கிண்டி எடுத்த துண்டுகள அடுப்புல போட்டுடாதீங்க.

லஞ்ச் சீட் விசயத்துல எனக்கு ஏன் இவ்வளவு கோவம் வருது எண்டா, நம்மட பக்கத்து அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேடு. அங்க பிளாஸ்டிக் தின்டு 8 வருசத்துல 20 யானை அளவு செத்திருக்கு எண்டு 2022 தையில செய்தி வந்தது. வயித்த அறுத்துப் பார்த்தா பொலித்தீனும் சாப்பாடு சுத்தின தாளும். யானைக்கு பொலித்தீன் தின்ன ஆசையா? சோத்து மணமும் கறி மணமும் ஒட்டியிருக்கிறதால சீட்டோட சேர்த்து விழுங்குது. குப்பை மேட்டுல சாப்பாடு சுத்தி எறியிற சீட் அதுகளுக்குப் பெரிய எதிரி.

அப்ப நீங்க எதுல கட்டிற? வாழையிலைதான் தங்கச்சி. நடு நரம்ப கத்தியால சீவி எடுத்திட்டு நெருப்புக்கு மேல ஒருக்கா காட்டுங்க, இலை கரும்பச்சையா மினுங்கி துணி மாதிரித் துவளும், பிறகு எப்பிடி மடிச்சாலும் கிழியாது. வெளியில வெள்ளைத் தாள் சுத்துங்க, பத்திரிகைத் தாள் வேணாம், அச்சு மை சோத்துல ஒட்டும். மீன் ஆணம் ஒழுகும் எண்டு சொல்லுவீங்க, சரிதான். 30, 40 பேர்ல பாதிப்பேர் ஒவ்வொரு நாளும் வாற ஆக்களா இருப்பாங்க, அவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு சாப்பாட்டுப் பெட்டி கொண்டரச் சொல்லுங்க, ஒண்டு அவங்ககிட்ட, ஒண்டு உங்ககிட்ட. சீட்டுக்குப் போற காச பார்சல் விலையில குறைச்சு விடுங்க, ஆக்கள் தானா வருவாங்க.

இனி அந்தத் துணிப்பை. ஒரு பைய எடுத்து வெளிச்சத்துக்கு நேர பிடிங்க. ஊடும் பாவுமா நூல் தெரியுதா, இல்ல பஞ்சை அழுத்தி சின்னச் சின்னப் புள்ளி குத்தின மாதிரி இருக்கா? புள்ளியெண்டா அது துணியே இல்ல, பொலிப்ரொப்பிலீன், பிளாஸ்டிக். ஓரத்துல இருந்து ஒரு நூலை உருவ ஏலாது பாருங்க. நானும் இப்பிடி ஒரு பைய துணியெண்டு வாங்கி பின்வளவு ஆணியில தொங்கவிட்டுட்டன், கொஞ்ச மாச வெயிலுக்குப் பிறகு தொட்டா நொறுங்கி மாவா கொட்டுது, கூட்டி அள்ள ஏலாமப் போச்சு. அதுக்காக வாங்கினத எறியாதீங்க, வெயில் படாம வச்சு கிழியுமட்டும் பாவிங்க.

அதுக்கெண்டு புதுப் பருத்திப் பை வாங்க ஓடவும் வேணாம். பிரித்தானிய சுற்றாடல் முகவரகம் 2011ல கணக்குப் போட்டுச் சொன்னது, புவி வெப்பமாகிறத வச்சுப் பார்த்தா ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் பையோட சமப்பட பொலிப்ரொப்பிலீன் பைய 11 தரமும் பருத்திப் பைய 131 தரமும் பாவிக்கணும். பருத்தி விளையத் தண்ணியும் உரமும் கனக்கப் போகும். வீட்டுல பழைய மருதமுனைச் சாரன் கிடக்குமே, அதைத் தையல்காரர்ட்ட குடுத்து ரெண்டு பை தைச்சு எடுங்க, அந்தத் துணி ஏற்கெனவே நெய்ஞ்சு முடிஞ்ச துணி, அதுக்குப் புதுசா ஒரு பருத்திச் செடியும் வேணாம்.

கடைக்காரர் பொலித்தீன் பேக்குக்குக் காசு எடுக்கிறது சட்டப்படி சரி, 2025 நவம்பர் 1ல இருந்து சும்மா குடுக்க ஏலாது, ஆனா விலைய கடையில போட்டிருக்கணும், பில்லுலயும் காட்டணும். பொய்யா “மக்கும்” எண்டு வித்ததுக்கு பில் இருந்தா பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு வாங்கி 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுங்க, விசாரிக்க 1977 எண்ட இலக்கத்துக்கு போன் எடுக்கலாம். பக்கெட்டை எறியாதீங்க, அதுதான் சாட்சி.

கேள்வி: கல்முனையில தயிர் வாங்கிறன். மண் சட்டி விலை கூட, பிளாஸ்டிக் வாளி மலிவு. எது நல்லம்?

பதில்: சட்டி தம்பி. மண் தண்ணிய உறிஞ்சி எடுக்கிறதால தயிர் கட்டியா நிக்கும், சட்டிக்கு வெளியில ஈரம் காயக் காய உள்ளுக்க குளிரும். சட்டி சுடவும் விறகு எரியும்தான், அதால ஒரு தரம் சாப்பிட்டு உடைச்சு எறிஞ்சா பெரிசா லாபமில்ல. கழுவி வச்சு திருப்பி எடுக்கிற கடையா பார்த்து வாங்குங்க, எடுக்காட்டி அடியில ஓட்டை போட்டு கறிவேப்பிலைக் கண்டு வைங்க. வாளிதான் வீட்டுக்கு வேணுமெண்டா அதையும் வாங்கலாம், மாவோ சீனியோ போட்டு வருசக்கணக்கா பாவிக்கிற ஆளெண்டா.