கையால் செய்யும் பேனாவில் பித்தளை, செம்புப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்காமல் நிறம் ஏற்ற முடியுமா?

முடியும். ஆனால் என்ன நிறம் என்று யோசிப்பதற்கு முன், எந்த உலோகம், பேனாவில் எந்த இடம் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். மதுரை வில்லாபுரத்தில் வீட்டு மாடியில் ஒரு சின்ன லேத் வைத்து எபோனைட் என்னும் கெட்டி ரப்பரில் பேனாக்கள் கடைகிறேன். மூடிக்கும் வளையங்களுக்கும் பித்தளையும் செம்பும் போடுவது வழக்கம். நிறமேற்றப் போய் நான் கெடுத்தவை ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்.

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது அமோனியா நீலத்துக்குத்தான். செய்முறை எளிது. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் கொஞ்சம் அமோனியாக் கரைசல் ஊற்றி, உப்புநீரில் நனைத்த பாகத்தைக் கரைசலில் படாமல் நூலில் தொங்கவிட்டு மூடிவிட வேண்டும். ஓர் இரவில் மயில் கழுத்து நீலம் பூத்திருக்கும். எனக்கும் பூத்தது. ஆனால் அந்தப் பித்தளைப் பேனா மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தால், வாய்ப்பக்கத்திலிருந்து நெடுக ஒரு தலைமுடி ஓடியது போலக் கோடு. துடைத்தேன், போகவில்லை. நகத்தை வைத்தேன், சிக்கியது. பித்தளை பிளந்திருந்தது.

இது புதிய கதையல்ல. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் ராணுவம் சேமித்து வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் இப்படித்தான் தானாகப் பிளந்தன. பக்கத்துக் குதிரை லாயத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம். இழுத்துச் செய்த குழாயில் இறுக்கம் உள்ளேயே தங்கியிருக்கும். துத்தநாகம் 15 சதவீதத்துக்கு மேல் உள்ள பித்தளையில் அந்த இறுக்கமும் ஈரமும் அமோனியாவும் சேர்ந்தால் விரிசல்தான். கடையில் கிடைக்கும் பித்தளைக் குழாய் பெரும்பாலும் 30 சதவீதத்தைத் தாண்டியது. பித்தளையில்தான் செய்வேன் என்றால், முதலில் 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுட்டு ஆறவிடுங்கள். நான் செம்புக்கு மாறிவிட்டேன். எதில் செய்தாலும் மொட்டை மாடியில் செய்யுங்கள். பிளீச்சிங் பவுடர் இருக்கும் பக்கமே அமோனியாவைக் கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று, இந்த நீலம் பொடியாக உதிரும். ஆழமாக வெட்டிய பள்ளத்துக்குள் தங்கும். விரல் படும் இடத்தில் தங்காது.

எனக்குப் பிடித்தது முட்டைப் பழுப்பு. நன்றாக வேகவைத்த முட்டையைச் சூட்டோடு நசுக்கி, செம்பு வளையத்தோடு ஒரே டப்பாவில் அடைத்து வையுங்கள். முட்டையின் கந்தக வாயு வேலையைப் பார்த்துக்கொள்ளும். முதலில் தேன் நிறம், பிறகு பழுப்பு, இரவு முழுக்க விட்டால் கருமை. இதில் ஒரு விளையாட்டும் உண்டு. சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது அல்லவா? அதே போல ஒரு செம்பு மூடியில் நகப்பூச்சைத் தீக்குச்சி முனையால் புள்ளி புள்ளியாக வைத்து, காய்ந்த பின் முட்டையோடு அடைத்தேன். பிறகு அசிட்டோனால் நகப்பூச்சைத் துடைத்தால், கரும்பழுப்பில் செம்புப் புள்ளிகள். வரிசை கொஞ்சம் கோணலாக இருந்தது. கோணலாக இருந்ததால்தான் அழகு என்று நானே சொல்லிக்கொண்டேன்.

எந்த முறைக்கும் உயிர்நாடி சுத்தம். உப்புத்தாள் 400, 800, 1200 என்று ஏறி, பிறகு புளி போட்டுத் தேய்த்து, கடைசியில் பாத்திரம் துலக்கும் பொடியால் எண்ணெய்ப்பசை போகக் கழுவுங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் பசை இருக்கிறது. ஒரே படலமாக வழிந்தால் சரி. அதன் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. தொட்டால் உங்கள் ரேகை பழுப்பு நிறத்தில் நிரந்தரமாகப் பதிவாகும்.

அலுமினியம் வேறு வகை. கந்தக அமிலத்தில் மின்சாரம் செலுத்தி நுண்துளைகள் உள்ள ஆக்சைடு படலம் வளர்த்து, துளைகளில் சாயம் ஏற்றி, கொதிநீரில் அடைக்க வேண்டும். அமிலத் தொட்டி 20 டிகிரியை ஒட்டி இருந்தால்தான் படலம் கெட்டியாக வரும். சித்திரை வெயிலில் மதுரையில் அது நடக்கிற காரியமா? ஐஸ் கட்டிகளுக்கு நடுவே தொட்டியை வைத்தும் எனக்குப் பொடிந்துதான் வந்தது. இப்போது அந்த வேலையை வெளியே கொடுத்துவிடுகிறேன். டைட்டானியத்துக்குச் சாயமே வேண்டாம். வோல்ட்டைக் கூட்டக் கூட்ட நிறம் மாறும். சுமார் 30 வோல்ட்டில் நீலம், 60ஐ நெருங்கும்போது பொன்மஞ்சள். கூட்டிய பிறகு குறைத்தால் பழைய நிறம் திரும்பாது. ரப்பர் கையுறை இல்லாமல் இறங்காதீர்கள்.

விரல் பிடிக்கும் கழுத்துப் பகுதிக்கு மட்டும் எந்த உலோக நிறமும் வேண்டாம். நம் ஊர் வியர்வையில் ஒரு மாதம் தாங்காது. அங்கே எபோனைட்டே இருக்கட்டும். மற்ற பாகங்களுக்குக் காய்ந்தவுடன் லாக்கர் என்னும் நிறமற்ற காப்புத் திரவத்தை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்தச் சுங்குடி மூடியை நான் லாக்கர் அடிக்காமல் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் வாசலிலேயே சொன்னார்: "மாப்பிள்ளை, அந்தச் செம்பு மூடி களிம்பு ஏறிக் கறுத்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன், பாருங்கள்." பார்த்தேன். பளபளவென்று இருந்தது.